உரப் போத்தலைத் தொடுமுன்: வீட்டுக்குள் ஹைட்ரோபோனிக் செடி வாடினால் எந்த வரிசையில் சோதிப்பது

மண்ணில்லாமல் உரத் தண்ணீரில் வளரும் செடியில் இலை மஞ்சளாகிறது. புதிதாகத் தொடங்கியவர் உடனே ஏ–பி உரத்தில் (ஏ, பி என இரண்டு போத்தலில் வரும் திரவ உரம்) இன்னும் இரண்டு மூடி ஊற்றுகிறார். மறுநாள் இலை நுனி கருகுகிறது. பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் எண்) ஏறிவிட்டதோ என்று அமிலம் விடுகிறார். மூன்றாம் நாள் செடி சாய்ந்துவிடுகிறது. எது கொன்றது என்று அதற்குப் பிறகு யாராலும் சொல்ல முடியாது.

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் அடுக்குமாடி வீட்டுக்குள் வளர்க்கிறவர்கள் முதலில் சந்தேகப்பட வேண்டியது உரத்தை அல்ல, தண்ணீரின் சூட்டை. குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய குறிப்புகளைப் பின்பற்றும்போது இது தவறிப்போகிறது. அங்கே தொட்டித் தண்ணீர் தானாகவே 20 டிகிரியில் நிற்கும், இங்கே 30-ஐத் தொடும்.

சோதிக்கும் வரிசை இது: மீட்டர், தண்ணீர்ச் சூடு, காற்று, வேர், பிஎச், உரச் செறிவு, வெளிச்சம், கடைசியாக இலை. வரிசையை மாற்றாதீர்கள். முன் படி சரியில்லை என்றால் அடுத்த படியில் கிடைக்கும் எண்ணுக்குப் பொருளே இல்லை.

இங்கே சொல்லும் அளவுகள் எல்லாம் 20 லிட்டர் பிடிக்கும் மூடி போட்ட பெட்டி, ஆறு நெட் பாட் (செடி நிற்கும் துளையிட்ட சின்னக் கிண்ணம்), ஓர் ஏர் பம்ப், ஒரு எல்இடி விளக்கு என்ற சாதாரண அமைப்புக்கானவை. பம்ப் இல்லாத பெட்டி வைத்திருப்பவர்களுக்கு வேறுபடும் இடங்களில் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

1. கையில் இருக்க வேண்டியவை

பிஎச் பேனா, இசி மீட்டர் (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவை மின்கடத்தலால் காட்டுவது), மீன் தொட்டிக்கான தெர்மோமீட்டர் ஆகிய மூன்றும் இல்லாமல் சோதிக்கத் தொடங்க வேண்டாம். மூன்றில் மலிவானது தெர்மோமீட்டர். இங்கே அதிகம் உதவுவதும் அதுதான், ஆனாலும் பலரிடம் இல்லாததும் அதுவே.

இவற்றோடு பிஎச் பேனாவைச் சரிபார்க்கும் 6.86, 4.00 தூள்கள், இசி மீட்டருக்கு 1413 மைக்ரோசீமன்ஸ் கரைசல், ஒரு போத்தல் டிஸ்டில்ட் வாட்டர், மருந்துக்கடையில் கிடைக்கும் 1 மி.லி., 5 மி.லி. சிரிஞ்சுகள் (ஏ உரத்துக்கு ஒன்று, பி உரத்துக்கு ஒன்று, கலக்கவே கூடாது), கையுறை, டார்ச் லைட், வேரை வைத்துப் பார்க்க ஒரு வெள்ளைப் பாத்திரம்.

ஒரு நோட்டுப் புத்தகமும் வேண்டும். தேதி, நேரம், தண்ணீர்ச் சூடு, பிஎச், இசி, தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர் குறைந்தது என்று தினமும் ஒரு வரி எழுதினால் போதும். ஒரு நாள் எண் எதையும் சொல்லாது. நான்கு நாள் எண்கள் சேர்ந்தால் எந்தப் பக்கம் போகிறது என்பது தெரிந்துவிடும்.

2. முதலில் மீட்டரைச் சந்தேகப்படுங்கள்

மலிவான பிஎச் பேனா ஒரே மாதத்தில் 0.5 வரை விலகலாம். திரையில் 6.0 என்று காட்டும்போது உண்மையில் 6.5 இருந்தால், நீங்கள் செய்யும் ஒவ்வொரு திருத்தமும் தவறான பக்கம் போகும்.

தூள் பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவு டிஸ்டில்ட் வாட்டரில் (பெரும்பாலும் 250 மி.லி.) கரையுங்கள். குழாய்த் தண்ணீரில் கரைத்தால் கரைசலின் மதிப்பே மாறிவிடும். முதலில் 6.86, பிறகு 4.00. இரண்டுக்கும் நடுவே முனையை டிஸ்டில்ட் வாட்டரில் அலசி, டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். பயன்படுத்திய கரைசலைத் திரும்பப் போத்தலில் ஊற்ற வேண்டாம்.

எண் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் கண்ணாடி முனை காய்ந்திருக்கிறது என்று பொருள். பேனாவுக்கான சேமிப்புக் கரைசலில் (பொட்டாசியம் குளோரைடு) ஓர் இரவு ஊற வைத்துப் பாருங்கள். சுத்தமானது என்று நினைத்து முனையை டிஸ்டில்ட் வாட்டரிலேயே ஊற வைத்துவிடுகிறவர்கள் உண்டு. அது முனைக்குள் இருக்கும் உப்பை வெளியே இழுத்து, பேனாவின் ஆயுளைக் குறைக்கும்.

இசி மீட்டரில் வேறொரு குழப்பம். சில மீட்டர்கள் மில்லிசீமன்ஸில் காட்டும், சில பிபிஎம்மில். அந்தப் பிபிஎம்மிலும் இரண்டு கணக்கு இருக்கிறது: ஒன்றில் இசி 1.0 என்றால் 500, மற்றொன்றில் 700. ஒரு குறிப்பில் ‘700 பிபிஎம்’ என்று இருந்தால் அது இசி 1.0 ஆகவும் இருக்கலாம், 1.4 ஆகவும் இருக்கலாம். இளநாற்றுக்கு இந்த வித்தியாசம் பெரிது. மீட்டரை இசிக்கு மாற்றி வைத்துக்கொண்டு பிபிஎம்மை மறந்துவிடுங்கள். இங்கே எல்லா எண்ணும் இசியில்தான்.

3. தண்ணீர்ச் சூடு: இங்கே பாதிக் கோளாறு இதில்தான்

பிற்பகல் 3 மணிக்கு ஒரு முறை, விடியற்காலை ஒரு முறை தொட்டிக்குள் தெர்மோமீட்டரை விட்டுப் பாருங்கள். அறைச் சூட்டைப் பார்த்துத் தொட்டியை ஊகிக்க வேண்டாம். விளக்கின் டிரைவர் (விளக்குக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் சின்னக் கருவி) பெட்டி மூடிமேல் உட்கார்ந்திருந்தாலோ, மேற்குச் சன்னல் வெயில் பெட்டிமேல் விழுந்தாலோ தொட்டி அறையைவிடச் சூடாக இருக்கும்.

சூடு ஏறினால் என்ன ஆகிறது? தண்ணீர் 20 டிகிரியில் லிட்டருக்கு ஏறக்குறைய 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும், 25-இல் 8.3, 30-இல் 7.6. அதே நேரம் வேருக்கு மூச்சு அதிகம் தேவைப்படுகிறது. வரவு குறைகிறது, செலவு ஏறுகிறது. அந்த இடைவெளியில்தான் வேரழுகலைத் தரும் பித்தியம் போன்ற கிருமிகள் நுழைகின்றன.

லெட்டூஸுக்கு 18 முதல் 24 டிகிரி நல்லது. 26 வரை தாங்கும். 28-ஐத் தாண்டித் தொடர்ந்து நின்றால், பகலில் வாடி இரவில் நிமிரும். உரம் குறைந்த செடி இப்படி வாடி வாடி நிமிராது. பகல் வாட்டமும் தொட்டியில் 29, 30 டிகிரியும் சேர்ந்து தெரிந்தால் காரணம் கையில் கிடைத்துவிட்டது.

செய்ய வேண்டியதை மலிவிலிருந்து தொடங்குங்கள். பெட்டியை வெயில் படும் சன்னலிலிருந்து உள்ளே தள்ளி, தரையில் வையுங்கள். சிமெண்டுத் தரையும் டைல்ஸும் சூட்டை இழுத்துக்கொள்ளும். கறுப்புப் பெட்டியாக இருந்தால் வெளிப்புறம் அலுமினிய ஃபாயில் சுற்றுங்கள். விளக்கின் டிரைவரை மூடியிலிருந்து அகற்றிச் சுவரில் மாட்டுங்கள். விளக்கை பிற்பகலில் அணைத்து, மாலை 6 முதல் காலை 10 வரை எரியவிடுங்கள். வீட்டில் இரவு ஏர்கான் ஓடும் அறையென்றால் இந்த மாற்றமே நல்ல பலன் தரும்.

அடுத்தது ஐஸ் போத்தல். கணக்கு இப்படி: ஒரு கிலோ ஐஸ் உருகி 25 டிகிரிக்கு வருவதற்கு இழுக்கும் வெப்பம், 20 லிட்டர் தண்ணீரை ஏறத்தாழ 5 டிகிரி இறக்கும். முக்கால் பங்கு நிரப்பிய அரை லிட்டர் போத்தல் இரண்டு என்றால் ஏறத்தாழ 4 டிகிரி. முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள், உறையும்போது பிளந்துவிடும். மூடியைத் திருகி, வெளிப்புறத்தைக் கழுவி, வேரில் படாமல் இறக்குங்கள். இரண்டையும் ஒன்றாகப் போடாமல் காலை 11-க்கு ஒன்று, பிற்பகல் 3-க்கு ஒன்று. ஐஸ் கட்டிகளை நேராகத் தண்ணீரில் போட்டால் உரம் நீர்த்துப்போகும்.

தண்ணீர்மேல் சின்ன விசிறி வைக்கும் வழி வறண்ட ஊர்களில் நன்றாக வேலை செய்யும். நம் ஊர் ஈரப்பதத்தில் ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

இவ்வளவுக்கும் பிறகு 28-க்குக் கீழே இறங்கவில்லை என்றால் செடியை மாற்றுங்கள். கங்கோங், பாக் சோய், சாவி கீரை, முளைக்கீரை, பேசில், புதினா ஆகியவை இந்தச் சூட்டில் லெட்டூஸைவிட நன்றாக வரும். முதல் முறை வளர்ப்பவர்களுக்கு எங்கள் பரிந்துரை கங்கோங்தான். லெட்டூஸ் இரண்டாம் சுற்றுக்கு இருக்கட்டும்.

4. காற்று: குமிழி வருகிறதா என்பது மட்டும் கேள்வி அல்ல

மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஏர் ஸ்டோன் (பம்புக் குழாயின் முனையில் குமிழி விடும் துளைக் கல்) முழுவதிலிருந்தும் சின்னக் குமிழிகள் சீராக எழ வேண்டும். ஒரே இடத்திலிருந்து பெரிய குமிழி மட்டும் வந்தால் துளைகள் அடைத்திருக்கின்றன. வினிகரில் சில மணி நேரம் ஊற வைத்து அலசுங்கள். சரியாகாவிட்டால் மாற்றுங்கள், விலை மிகக் குறைவு. புதுக் கல்லிலும் குமிழி மெலிந்திருந்தால் பம்புக்குள் இருக்கும் ரப்பர் தளர்ந்திருக்கிறது.

பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே வைத்தால், கரண்டு போன நொடியில் தண்ணீர் குழாய்வழி பின்னோக்கி இறங்கி பம்புக்குள் போய்விடும். பிற்பகல் இடிமழையில் வீட்டு மின்சாரம் டிரிப் ஆவது இங்கே புதிதல்ல. மேலே வைக்க இடமில்லை என்றால் மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் ஒருவழி வால்வைக் குழாயில் பொருத்துங்கள்; அம்புக்குறி தொட்டியைப் பார்த்திருக்க வேண்டும்.

மின்கம்பி சாக்கெட்டுக்குப் போகுமுன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும். கம்பிவழி வழியும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்கை எட்டாது. தண்ணீர் மாற்றும்போதெல்லாம் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

அடுத்தது தண்ணீர் மட்டம். நாற்றை வைக்கும் நாளில் தண்ணீர் நெட் பாட்டின் அடியைத் தொட்டு நிற்கட்டும். வேர் 3, 4 சென்டிமீட்டர் கீழே இறங்கியதும் மட்டத்தைப் பாட்டின் அடியிலிருந்து 2, 3 சென்டிமீட்டர் தாழ்த்துங்கள். அந்த இடைவெளியில் வேரின் மேல்பகுதி காற்றிலிருந்து நேராக மூச்சு விடும்.

பம்ப் இல்லாத பெட்டிக்கு இது உயிர்நாடி. தண்ணீர் குறையக் குறைய மேலே தெரியும் பஞ்சு போன்ற வேர்கள் காற்றுக்குப் பழகியவை. ‘தண்ணீர் குறைந்துவிட்டதே’ என்று மறுபடி விளிம்புவரை நிரப்பினால் அந்த வேர்கள் மூழ்கி, இரண்டு நாளில் செடி வாடும். நிரப்ப வேண்டியிருந்தால் வேரின் கீழ்ப் பாதி மட்டும் நனையும் அளவோடு நிறுத்துங்கள்.

மின்சாரம் பல மணி நேரம் வராது என்று தெரிந்தால், பம்ப் உள்ள பெட்டியிலும் இதே உத்திதான்: தண்ணீரை ஒரு வாளியில் இறக்கி, பாதி வேர் காற்றில் நிற்கும்படி செய்யுங்கள்.

5. வேரைத் தூக்கிப் பாருங்கள்

நெட் பாட்டை மெதுவாக உயர்த்தி, வெள்ளைப் பாத்திரத்தில் வேரைப் பரப்புங்கள். நிறத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். உரத்தின் நிறமேறி வேர் தேநீர் நிறத்தில் இருக்கலாம், அது நோயல்ல.

மூன்று சோதனை. மோந்து பாருங்கள்: நல்ல வேரில் மழை மண் வாசம் அல்லது வாசமே இல்லை, அழுகியதில் சாக்கடை நாற்றம். தொட்டுப் பாருங்கள்: நல்லது உறுதியாக இருக்கும், கெட்டது வழுவழுக்கும். ஒரு வேரை விரலிடையில் பிடித்து மெல்ல இழுங்கள்: மேல்தோல் உறை போலக் கழன்று, நடுவே நூல் மட்டும் நின்றால் அது வேரழுகல்.

மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவாகத்தான் அழுகியிருக்கிறது என்றால் காப்பாற்றலாம். கத்தரியைச் சுத்தம் செய்து, வழுவழுக்கும் வேரை வெட்டி எடுங்கள். 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு (மருந்துக்கடையில் கிடைக்கும்) ஒரு லிட்டர் வெறும் தண்ணீருக்கு 3 மி.லி. வீதம் கலந்து, அந்தத் தண்ணீரில் சில மணி நேரம் ஏர் பம்ப் ஓடவிட்டு வேரை வையுங்கள். பிறகு பாதிச் செறிவில் புது உரத் தண்ணீர். வேர் இழந்த செடிக்கு முழு உரம் கொடுத்தால் குடிக்க முடியாது. பெரிய வெளி இலைகள் இரண்டு மூன்றைக் கிள்ளிவிடுங்கள். மிச்ச வேர் தாங்கும் அளவுக்குத்தான் இலை இருக்க வேண்டும்.

பாதிக்குமேல் போய்விட்டால் செடியை எறிந்துவிடுங்கள். லெட்டூஸ் ஐந்தாறு வாரப் பயிர். நோயுற்ற ஒன்றைக் காப்பாற்ற இரண்டு வாரம் செலவிடுவதற்குள் புது நாற்று அந்த இடத்தைப் பிடித்துவிடும். ஒரே தண்ணீரில் நிற்கும் மற்ற ஐந்தும் தப்பும்.

எறிந்த பிறகு பெட்டி, குழாய், கல், நெட் பாட் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி, வீட்டு ப்ளீச் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து 15 நிமிடம் ஊறவிட்டு, நன்றாக அலசிக் காயவையுங்கள். ப்ளீச்சும் பிஎச் இறக்கும் அமிலமும் ஒருபோதும் சந்திக்கக் கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. சன்னலைத் திறந்து வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

வேர் வெள்ளையாக இருந்து, தண்ணீரிலும் நாற்றைத் தாங்கும் ஸ்பாஞ்சிலும் பச்சைப் படலம் மட்டும் தெரிந்தால் அது பாசி. எங்கிருந்தோ வெளிச்சம் உள்ளே போகிறது என்று பொருள். அறை விளக்கை அணைத்து, பெட்டிக்குள் டார்ச்சை எரியவிட்டு மூடுங்கள். ஒளி கசியும் இடமெல்லாம் தெரியும். கறுப்பு டேப் ஒட்டினால் முடிந்தது.

6. தண்ணீரும் பிஎச்சும்

குழாய்த் தண்ணீரின் இசியை முதலில் அளந்து எழுதி வையுங்கள். 0.1, 0.2 சுற்றி நின்றால் அது மென்னீர். மென்னீரில் உப்பு கட்டாது, அது வசதி. ஆனால் பிஎச்சை நிலையாகப் பிடித்துவைக்கும் சக்தியும் அதில் குறைவு. ஒரு சொட்டு அமிலம் அதிகமானாலும் எண் சரிந்துவிடும். கைப்பிடி தளராமல் இருக்க வேண்டிய இடம் இது.

பிடித்த தண்ணீரை ஒரு நாள் திறந்த வாளியில் வைத்தால் குளோரின் போய்விடும். தண்ணீர்த் தடை முடிந்து குழாயில் மறுபடி வரும்போது முதல் தண்ணீரை எடுக்காதீர்கள். கலங்கல் தெளியும்வரை ஓடவிடுங்கள். தடை அறிவிப்பு வந்தாலே செடிக்கும் சேர்த்து ஒரு வாளி பிடித்து, மூடி வைத்துக்கொள்ளுங்கள்.

கலக்கும் ஒழுங்கு: தண்ணீர் முழுவதும் முதலில். அடுத்து ஏ உரம், கலக்குங்கள். பிறகு பி உரம், கலக்குங்கள். அரை மணி நேரம் கழித்து பிஎச். ஏ போத்தலில் கால்சியம் இருக்கிறது. பி போத்தலில் சல்ஃபேட்டும் பாஸ்பேட்டும். இரண்டையும் தண்ணீரில்லாமல் ஒரே குவளையில் சேர்த்தால் வெள்ளைச் சுண்ணாம்பு போல் அடியில் தங்கும். அது மறுபடி கரையாது. செடிக்குக் கால்சியமும் போச்சு, பாஸ்பரசும் போச்சு. ஒரே சிரிஞ்சை இரண்டு போத்தலிலும் விடக் கூடாது என்றது இதனால்தான்.

பிஎச்சைக் கடைசியில் பார்ப்பதற்கும் காரணம் உண்டு. உரமே பிஎச்சை இறக்கும். வெறும் தண்ணீரை 6.0-க்குக் கொண்டுவந்துவிட்டு உரம் போட்டால் 5-க்கு விழும்.

இலக்கு 5.8 முதல் 6.2. ஆனால் 5.5-க்கும் 6.5-க்கும் நடுவே எங்கே நின்றாலும் கை வைக்காதீர்கள். தினமும் 6.0-க்கு இழுத்துப் பிடிக்கிறவர்களின் தொட்டியில் அமிலமும் காரமும் மாறி மாறிச் சேர்ந்து, உரத்தின் சமநிலை கெடுகிறது.

இறக்க வேண்டியிருந்தால் பிஎச் டவுன் திரவத்தைப் பத்து மடங்கு நீர்த்து வைத்துக்கொண்டு, ஒரு முறைக்கு 1 மி.லி. விட்டு, கலக்கி, பத்து நிமிடம் பொறுத்து அளவெடுங்கள். நீர்க்கும்போது தண்ணீரில்தான் அமிலத்தை விட வேண்டும். அமிலத்தின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். எலுமிச்சைச் சாறு, வினிகர் வேண்டாம். அவற்றை நுண்ணுயிர்கள் தின்றுவிடும். ஓரிரு நாளில் பிஎச் பழைய இடத்துக்கே ஏறும், கூடவே தொட்டி வழுவழுக்கும்.

சில நாட்களாக மெல்ல மெல்ல ஏறும் பிஎச் நல்ல செய்தி. செடி நைட்ரேட்டைத் தின்கிறது என்பதற்கு அடையாளம். திடீரென்று ஓர் இரவில் கீழே விழுந்தால் அமிலத்தையோ உரத்தையோ குற்றம் சொல்லுமுன் 5-ஆம் படிக்குப் போய் வேரை மறுபடி மோந்து பாருங்கள்.

7. உரச் செறிவு: இசியைத் தண்ணீர் மட்டத்தோடு சேர்த்துப் படியுங்கள்

முளை விட்டு முதல் உண்மையிலை (வித்திலைகளுக்குப் பின் வரும் இலை) வரும்வரை வெறும் தண்ணீர். இளநாற்றுக்கு 0.5 முதல் 0.8. வளர்ந்த லெட்டூஸுக்கு 1.0 முதல் 1.4. பாக் சோய், சாவி, கங்கோங் போன்றவற்றுக்கு 1.5 முதல் 2.0. வெக்கை அதிகமான வாரங்களில் இந்த எல்லைகளின் கீழ்ப்பக்கத்தில் நில்லுங்கள். சூட்டில் செடி உரத்தைவிடத் தண்ணீரை அதிகம் குடிக்கும்.

தண்ணீர் குறைந்து இசி ஏறுகிறதா? கலவை கெட்டி. வெறும் தண்ணீர் மட்டும் சேருங்கள். தண்ணீரும் குறைந்து இசியும் இறங்குகிறதா? செடிக்குப் பசி, முழுச் செறிவு உரத் தண்ணீரால் நிரப்புங்கள். தண்ணீர் குறைந்தும் இசி அசையவில்லை என்றால் அளவு கச்சிதம். தண்ணீரே குறையவில்லை என்றால் உரத்தைப் பற்றிய பேச்சே வேண்டாம்: வேர் குடிக்கவில்லை, அல்லது வெளிச்சம் போதவில்லை.

ஓர் உதாரணம். 20 லிட்டரில் 1.4 வைத்துத் தொடங்கினீர்கள். ஐந்து நாள் கழித்து 15 லிட்டர் மிச்சம், இசி 1.8. பதினைந்தை 1.8-ஆல் பெருக்கினால் 27. அதை 20-ஆல் வகுத்தால் 1.35. ஐந்து லிட்டர் வெறும் தண்ணீர் சேர்த்தாலே பழைய இடத்துக்கு வந்துவிடும். இந்த நிலையில் ‘ஐந்து லிட்டருக்கு உண்டான உரம்’ என்று சேர்ப்பதால்தான் பலர் வீட்டில் இலை நுனி கருகுகிறது.

இசி மொத்த உப்பைத்தான் சொல்லும், எந்தச் சத்து தீர்ந்தது என்று சொல்லாது. ஆகவே எண் சரியாக இருந்தாலும் 10 முதல் 14 நாளுக்கு ஒரு முறை தொட்டி முழுவதையும் காலிசெய்து புதிதாகக் கலக்குங்கள். பழைய தண்ணீர் வீணல்ல. பால்கனிப் பூச்செடிகளுக்கு ஊற்றலாம்.

8. வெளிச்சம்

தண்டு மெலிந்து நீண்டு, இலைகள் தள்ளித் தள்ளி நின்றால் வெளிச்சப் பஞ்சம். கண்ணுக்குப் பிரகாசமாகத் தெரியும் சன்னலோரம் செடிக்கு நிழலாக இருக்கலாம். எதிர் புளோக் மறைக்கும் கொண்டோ வீடுகளில் பெரும்பாலும் அப்படித்தான். புகைமூட்டக் காலத்தில் சன்னல் வெளிச்சம் இன்னும் குறையும். அந்த நாட்களில் விளக்கு நேரத்தைக் கூட்டுங்கள்.

கைப்பேசியில் லக்ஸ் அளக்கும் செயலி ஒன்றை இறக்கி, செடியின் உச்சியில் வைத்துப் பாருங்கள். வெள்ளை எல்இடிக்கு 13,000 முதல் 14,000 லக்ஸ் என்றால் ஏறக்குறைய 200 மைக்ரோமோல் (செடி பயன்படுத்தும் ஒளியின் அளவு). நாள்தோறும் 16 மணி நேரம் எரிந்தால் கீரைக்கும் லெட்டூஸுக்கும் போதும். பாதிதான் காட்டுகிறது என்றால் நேரத்தைக் கூட்டி ஈடுகட்ட முடியாது. விளக்கை இறக்குங்கள், அல்லது இன்னொன்று வாங்குங்கள். செயலி தோராயம்தான், ஆனால் பாதியா முழுதா என்று சொல்லிவிடும். ஊதா நிற விளக்குக்கு மட்டும் இந்த அளவு பொருந்தாது.

பெரும்பாலான எல்இடி பட்டைகளுக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் உயரம் சரி. உச்சி இலை வெளிறி, கிண்ணம் போல் மேல்நோக்கி மடங்கினால் 5 சென்டிமீட்டர் ஏற்றுங்கள். நேரத்தை டைமரிடம் விடுங்கள். கையால் போட்டு அணைத்தால் எவ்வளவு வெளிச்சம் கிடைத்தது என்பதே தெரியாது.

லெட்டூஸ் விதை முளைக்கவே இல்லை என்பதையும் இங்கேயே பார்த்துவிடலாம். விதை கெட்டது என்று கடையைத் திட்ட வேண்டாம். 28, 30 டிகிரியில் பல லெட்டூஸ் ரகங்கள் உறக்கத்துக்குப் போய்விடும். ஈர டிஷ்யூவில் விதையை வைத்து, டப்பாவில் மூடி, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இரண்டு நாள் வையுங்கள். பிறகு ஏர்கான் அறையில், ஈர ஸ்பாஞ்சின் மேல், வெளிச்சம் படும்படி. ஆழமாகப் புதைத்தால் முளைக்காது. பல ரகங்களுக்கு முளைக்கவே வெளிச்சம் வேண்டும். முளை தெரிந்த அன்றே விளக்கடிக்கு வர வேண்டும், ஒரு நாள் தாமதித்தாலும் நாற்று நீண்டு சாயும்.

9. இப்போது இலையைப் படியுங்கள்

முதல் கேள்வி: கோளாறு அடி இலையிலா, குருத்திலா? நைட்ரஜன், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவற்றைச் செடி பழைய இலையிலிருந்து எடுத்துப் புது இலைக்கு அனுப்பும். அதனால் பஞ்சம் அடியில் தெரியும். இரும்பும் கால்சியமும் நகராது. பஞ்சம் குருத்தில் தெரியும்.

அடி இலை முழுக்கச் சீராக மஞ்சளானால் நைட்ரஜன். அடி இலையில் நரம்பு பச்சையாக இருந்து நடுப்பகுதி மட்டும் மஞ்சளானால் மெக்னீசியம். விளிம்பு கருகினால் பொட்டாசியம், அல்லது உப்பு அதிகம். இசி நோட்டைப் பாருங்கள். அடியில் ஒன்றிரண்டு இலை முதுமையால் மஞ்சளாவது இயல்பு, கிள்ளி எறியுங்கள்.

குருத்து வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்பு. பெரும்பாலும் தண்ணீரில் இரும்பு இருக்கும், பிஎச் 6.5-ஐத் தாண்டியதால் வேரால் எடுக்க முடியாமல் போயிருக்கும். இரும்பு மருந்து வாங்குமுன் பிஎச்சை இறக்கிப் பாருங்கள்.

லெட்டூஸின் உள்ளிலை நுனி பழுப்பானால் கால்சியம் அங்கே போய்ச் சேரவில்லை. தொட்டியில் கால்சியம் தேவைக்கு இருக்கும். கால்சியம் நீராவிப்போக்கோடுதான் பயணம் செய்யும். மூடிக் கிடக்கும் உள்ளிலையில் காற்றே படாததால் நீராவி போகவில்லை. மருந்து, ஒரு சின்ன விசிறி. இலை லேசாக ஆடும் அளவுக்கு, விளக்கு எரியும் நேரமெல்லாம் ஓடட்டும். இசியையும் 0.2 இறக்குங்கள். கால்சியம் உரம் வாங்கி ஊற்றுவது நாம் அடிக்கடி காணும் வீண் செலவு.

10. கொசுவும் பூச்சியும்

வளர்ப்புத் தொட்டி என்பது தேங்கிய நீர். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும். 1975-ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தின்கீழ் வீட்டில் லார்வா இருந்தால் அபராதம் உண்டு. அபராதத்தைவிடப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு டெங்கி வருவதே பெரிய கவலை.

காலியான நெட் பாட் துளைகளை அடையுங்கள். குழாய் நுழையும் ஓட்டையைப் பஞ்சால் மூடுங்கள். பம்ப் இல்லாத பெட்டியில் மூடிக்கடியில் கொசுவலைத் துண்டு ஒட்டுங்கள். வாரம் ஒரு முறை டார்ச் அடித்துப் பாருங்கள். நெளிவது தெரிந்தால் தண்ணீரைக் காய்ந்த மண்ணில் கொட்டிவிட்டுப் பெட்டியைத் தேய்த்துக் கழுவுங்கள், முட்டைகள் ஓரத்தில் ஒட்டியிருக்கும். குளோரின் போக வைத்திருக்கும் வாளிக்கும் இதே விதி.

இலைப் பூச்சிக்கு இலையின் அடிப்புறத்தைப் பாருங்கள். அசுவினி, வெள்ளை ஈ என்றால் குழாய் நீரால் பீய்ச்சிக் கழுவி, மஞ்சள் ஒட்டும் அட்டை மாட்டினால் பெரும்பாலும் அடங்கும். ஏர்கான் அறையின் வறண்ட காற்றில் சிலந்திப் பேன் வரும். மெல்லிய வலை தெரியும். ஒரு லிட்டர் நீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், சில சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு. விளக்கு அணைந்த பிறகு தெளியுங்கள், இல்லாவிட்டால் இலை வெந்துபோகும். மூடியை மறைத்துக்கொள்ளுங்கள், தொட்டிக்குள் எண்ணெய் இறங்கக் கூடாது.

11. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், மூன்று நாள் பொறுமை

எந்தப் படியில் கோளாறு கிடைத்ததோ அதை மட்டும் திருத்துங்கள். நோட்டில் எழுதுங்கள். மூன்று நாள் வேறெதையும் தொடாதீர்கள். சூடும் காற்றும் சரியானால் வாட்டம் ஓரிரு நாளில் தெளியும். பிஎச், உரத் திருத்தங்களுக்கு நான்கைந்து நாள் ஆகும். வேர் புதிதாக முளைக்க ஒரு வாரம், பத்து நாள்.

மஞ்சளான இலையும் கருகிய நுனியும் மறுபடி பச்சையாகாது. அவற்றைப் பார்த்துக்கொண்டே ‘இன்னும் சரியாகவில்லை’ என்று மறுபடி உரம் ஊற்றுகிறவர்கள் பலர். திருத்தம் செய்த அன்று குருத்துக்கு அருகே ஒரு சின்ன இலைக்காம்பில் நூல் கட்டி வையுங்கள். அந்த நூலுக்குமேல் வருகிற இலைகளை மட்டும் பாருங்கள்.